இல்லாத கட்டளை எந்தப் பேக்கேஜில் இருக்கிறது?

லினக்ஸ் டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டியதும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வந்தால், அந்தப் பெயரில் இயக்கக்கூடிய கோப்பு எதுவும் ஷெல்லுக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஷெல் கணினி முழுவதையும் துழாவுவதில்லை. பாத் என்னும் சூழல் மாறியில் எழுதியிருக்கும் டைரக்டரிகளை வரிசையாகப் பார்க்கும். முதலில் அகப்படுவதை இயக்கும். எதிலும் இல்லையென்றால் 127 என்ற முடிவு எண்ணோடு நின்றுவிடும். கோப்பு இருந்து, அதை இயக்கும் அனுமதி மட்டும் இல்லையென்றால் அந்த எண் 126. இரவில் தானாக ஓடி நின்றுபோன ஒரு ஸ்கிரிப்ட்டின் பதிவில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று முதலில் பார்ப்பது சர்வர் நிர்வாகத்தில் ஊறியவர்களின் வழக்கம். 126 வந்தால் பேக்கேஜைத் தேடவே தேவையில்லை.

127 வந்தாலும் உடனே தேடக் கிளம்ப வேண்டியதில்லை. கருவி கணினியில் ஏற்கெனவே இருந்து, பாத்தில் மட்டும் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பது. டெபியனில் சாதாரணப் பயனருடைய பாத்தில் /யூஎஸ்ஆர்/எஸ்பின் இருக்காது. ஆகவே எஃப்டிஸ்க், யூசர்ஆட் போன்றவை 'இல்லை' என்றே வரும். 2019-இல் வெளியான டெபியன் 10-இலிருந்து இந்தக் குழப்பம் கூடிற்று. அதில் எஸ்யூ என்ற கட்டளை வேறு மூலத்திலிருந்து, அதாவது யூட்டில்-லினக்ஸ் பேக்கேஜிலிருந்து வரத் தொடங்கியது. வெறும் எஸ்யூ என்று தட்டி ரூட் ஆனவருக்குப் பழைய பயனரின் பாத்தே தொடர்ந்தது. பல ஆண்டுகளாகக் கைப்பழக்கமாக எஸ்யூ தட்டியவர்கள், ரூட்டாக இருந்தும் நிர்வாகக் கட்டளைகள் கிடைக்காமல் திகைத்தார்கள். எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு போட்டால் ரூட்டின் முழுச் சூழலும் வந்துவிடும். நிறுவ வேண்டியது எதுவும் இல்லை.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓடுபவற்றுக்குக் கிடைக்கும் பாத் மிகச் சிறியது. பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டுதான். கையால் ஓட்டும்போது ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் 127 சொல்லி நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம். பிப் கொண்டு பயனர் அளவில் நிறுவிய கருவிகள் வீட்டு டைரக்டரிக்குள் .லோக்கல்/பின் என்ற இடத்தில் கிடக்கும். ஸ்னாப் வழி வந்தவை /ஸ்னாப்/பின்னில் இருக்கும். இவை பாத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

எந்தப் பேக்கேஜிலும் கிடைக்காத கட்டளைகளும் உண்டு. சிடி, சோர்ஸ் போன்றவை ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. சூடோவோடு சேர்த்து சிடி என்று தட்டினால் 'இல்லை' என்று வருவதற்குக் காரணம், சூடோ தேடுவது ஒரு கோப்பை என்பதே. சோர்ஸ் என்பது பாஷ் ஷெல்லின் சொல். டாஷ் ஷெல்லில் அது கிடையாது, அங்கே ஒற்றைப் புள்ளிதான் அந்த வேலையைச் செய்யும். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்பிலும் டெபியன் 2011-இல் 6.0 பதிப்பிலும் /பின்/எஸ்ஹெச் என்பதை டாஷுக்கு மாற்றின. அதற்குமுன் பாஷை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்கள் இன்றுவரை அங்கங்கே 'சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்' என்று முறையிட்டுக்கொண்டிருக்கின்றன. எல்எல் போன்றவை வெறும் மாற்றுப்பெயர்கள். ஒரு பயனரின் பாஷ் அமைப்புக் கோப்பில் இருக்கும், அடுத்தவருடையதில் இருக்காது. டைப் என்ற கட்டளையைச் சிறிய ஏ விருப்பத்தோடு ஓட்டினால், கொடுத்த பெயர் ஷெல்லின் உள்சொல்லா, மாற்றுப்பெயரா, எந்த இடத்துக் கோப்பு என்பதையெல்லாம் சொல்லிவிடும். விச் கட்டளையை விட இது நம்பத்தக்கது. விச்சுக்குப் பொதுவாகக் கோப்புகள் மட்டுமே தெரியும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருவது வேறு நோய். அந்த நிரலை ஏற்றிவிட வேண்டிய லோடர் இல்லாதபோது இப்படி வரும்: 64 பிட் கணினியில் 32 பிட் நிரலை ஓட்டுவது, ஜிலிப்சி நூலகத்துக்காகக் கட்டிய நிரலை மசல் நூலகம் கொண்ட ஆல்பைனில் ஓட்டுவது போன்றவை. விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறியும் இதே போன்ற குழப்பத்தைத் தரும்.

இவை எதுவும் இல்லை, கருவி உண்மையிலேயே கணினியில் இல்லை என்று தெளிவான பிறகுதான் பேக்கேஜைத் தேட வேண்டும். புதிதாக வருபவர் கட்டளையின் பெயரையே பேக்கேஜின் பெயராகக் கொடுத்துப் பார்ப்பார். ஹெச்டாப், கர்ல், டிமக்ஸ் போன்றவற்றில் அது பலிக்கும். பலித்த அனுபவமே பிறகு தடுமாற வைக்கும். டிக் என்ற பெயரில் டெபியனில் பேக்கேஜ் கிடையாது. அது இருப்பது பைண்டு9-டிஎன்எஸ்யூட்டில்ஸில். ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் பைண்டு-யூட்டில்ஸ், ஆல்பைனில் பைண்டு-டூல்ஸ், ஆர்ச்சில் வெறும் பைண்டு. டிக் தனியாகப் பிறந்த நிரல் அன்று. பைண்டு என்னும் பெயர்ச் சர்வர் மென்பொருளின் மூலக்குறியீட்டோடு சேர்ந்து வருவது. அந்த ஒரே மூலத்தை ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தன் வசதிக்கேற்ப வெட்டிப் பங்கிட்டு, தனக்குப் பிடித்த பெயரை வைக்கிறது. பேக்கேஜின் பெயர் மூலத் திட்டத்திலிருந்து வருகிறது. கட்டளையின் பெயர் அதற்குள் இருக்கும் ஒரு கோப்பிலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல்.

பிஎஸ், டாப், ஃப்ரீ, வாட்ச் ஆகியவை டெபியனில் புரொக்பிஎஸ் என்ற ஒரே பேக்கேஜில் இருக்கின்றன. ஃபெடோராவில் அது புரொக்பிஎஸ்-என்ஜி. கில்ஆல், பிஎஸ்ட்ரீ, ஃபியூசர் மூன்றும் பிஎஸ்மிஸ்கில். ஐஓஸ்டாட்டும் சாரும் சிஸ்ஸ்டாட்டில். பிடிஎஃப்-இலிருந்து எழுத்தைப் பிரிக்கும் பிடிஎஃப்டூடெக்ஸ்ட் இருப்பது பாப்ளர்-யூட்டில்ஸில். அப்பாச்சி சர்வரே தேவைப்படாத இடத்திலும் ஹெச்டிபாஸ்வேர்ட் தேவைப்படும். அதற்கு டெபியனில் அப்பாச்சி2-யூட்டில்ஸ், ரெட் ஹேட்டில் ஹெச்டிடிபிடி-டூல்ஸ். இஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட், ரவுட் ஆகிய மூன்றும் நெட்-டூல்ஸில் உள்ளவை. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் புதிய நிறுவல்களில் அது தானாக வருவதில்லை. அதன் இடத்தை ஐபிரவுட்2 பேக்கேஜின் ஐபி, எஸ்எஸ் கட்டளைகள் எடுத்துக்கொண்டன. இஃப்கான்ஃபிக் இல்லை என்று நெட்-டூல்ஸை நிறுவுவது தவறில்லை. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு ஐபி கட்டளையைச் சொல்லித்தருவதே முறை.

பெயரை வைத்து ஊகிப்பது எவ்வளவு தூரம் வழி தவறச் செய்யும் என்பதற்கு எம்கேபாஸ்வேர்ட் நல்ல சான்று. கடவுச்சொல்லை ஷேடோ கோப்புக்கு ஏற்ற ஹாஷாக மாற்றித் தரும் கருவி அது. டெபியனிலும் உபுண்டுவிலும் அது இருப்பது ஹூஇஸ் பேக்கேஜில்; இணைய முகவரி யாருடையது என்று விசாரிக்கும் கருவியின் பேக்கேஜ் அது. இரண்டு வேலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, ஒரே மூலத்தில் வைத்தார், அவ்வளவுதான் காரணம். எந்த ஊகத்தாலும் இந்த விடைக்கு வர முடியாது. ரெட் ஹேட் 7-இல் இதே பெயரைத் தேடினால் எக்ஸ்பெக்ட் பேக்கேஜ் கிடைக்கும். அதை நிறுவி ஓட்டினால் எம்கேபாஸ்வேர்ட் ஓடவும் செய்யும். ஆனால் அது வேறு நிரல். ஹாஷ் தராது, புதிதாக ஒரு கடவுச்சொல்லை உருவாக்கித் தரும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்து, பயனர் மட்டும் உள்நுழைய முடியாமல் நிற்பார். கட்டளை கிடைத்துவிட்டது என்பது சரியான கட்டளை கிடைத்தது என்பதற்குச் சாட்சியாகாது.

ஊகத்துக்குப் பதில் வழங்கலிடமே கேட்பதுதான் வழி. ஒவ்வொரு வழங்கலும் தன் களஞ்சியத்திலுள்ள பேக்கேஜ்கள் எந்தெந்தக் கோப்புகளைக் கொண்டுள்ளன என்ற அட்டவணையை வெளியிடுகிறது. டெபியன் 13-இல் 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன. அவற்றின் கோப்புகள் அத்தனையும் கன்டென்ட்ஸ் என்று தொடங்கும் அட்டவணைக் கோப்புகளில் வரி வரியாக இருக்கின்றன. இந்த அட்டவணையில் தேடித் தருவதுதான் ஆப்ட்-ஃபைல். அது இயல்பாக நிறுவப்பட்டு வருவதில்லை. நிறுவிய பின் ஒருமுறை 'அப்டேட்' ஓட்டி அட்டவணையை இறக்க வேண்டும்.

ஆப்ட்-ஃபைலில் 'சர்ச் டிக்' என்று மட்டும் கேட்டால் திரை நிறைந்து வழியும். டிக் என்ற மூன்றெழுத்து எந்தப் பாதையில் எங்கே இருந்தாலும் அது விடையாக வந்துவிடும். டிஜிட், டிஜிட்டல் எல்லாமே அதில் அடக்கம். சிறிய எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்து, '/பின்/டிக்' என்பதற்குப் பின் வரிமுடிவைக் குறிக்கும் டாலர் குறியையும் சேர்த்துக் கேட்டால், மிஞ்சுவது ஒன்றிரண்டு வரிகள்தான்: பேக்கேஜின் பெயர், முக்காற்புள்ளி, கோப்பின் முழுப் பாதை. இந்தத் தேடலில் கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கம் இது ஒன்றே. பெயரைத் தேடக் கூடாது. பின் டைரக்டரியில் முடியும் பாதையைத் தேட வேண்டும். நிர்வாகக் கருவி என்றால் எஸ்பின்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிபிகேஜி கட்டளையின் பெரிய எஸ் விருப்பத்தையும் ஆப்ட்-ஃபைலையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். டிபிகேஜி பார்ப்பது இந்தக் கணினியில் ஏற்கெனவே நிறுவியவற்றின் பட்டியலை மட்டுமே. இல்லாத கருவியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. அதன் உண்மையான பயன் வேறு: கருவி இருக்கும் ஒரு கணினியில் அதை ஓட்டி விடையைத் தெரிந்துகொண்டு, இல்லாத கணினியில் நிறுவலாம். இரண்டிலும் ஒரே வழங்கல், ஒரே பதிப்பு இருந்தால் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அதிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. /பின் டைரக்டரியை /யூஎஸ்ஆர்/பின்னோடு இணைத்த காலத்தில், பேக்கேஜ் தன்னிடம் /பின்/எல்எஸ் இருப்பதாகப் பதிந்திருக்க, பயனர் /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் என்று கேட்டால் 'அப்படி எதுவும் இல்லை' என்றே வரும். மற்றொன்று ஆல்டர்நேட்டிவ்ஸ் ஏற்பாடு. என்சி, விஐ, ஜாவா போன்ற பெயர்கள் பல பேக்கேஜ்களுக்குப் பொதுவானவை. நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட் உண்டாக்கும் இணைப்புகளே அவை. எந்தப் பேக்கேஜின் கோப்புப் பட்டியலிலும் அவை இருக்காது. ரீட்லிங்க் கட்டளையைச் சிறிய எஃப் விருப்பத்தோடு ஓட்டி, இணைப்பு எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, அந்தப் பாதையைக் கேட்க வேண்டும்.

ரெட் ஹேட் குடும்பத்தில் இதே வேலைக்கு டிஎன்எஃப் கட்டளையின் புரொவைட்ஸ். பழைய கணினிகளில் அதுவே யம். நட்சத்திரக் குறியிட்டு அதன்பின் '/பின்/டிக்' என்று கேட்டால் பைண்டு-யூட்டில்ஸ் வரும். அங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது: பேக்கேஜின் பெயரே தெரியாமல், /யூஎஸ்ஆர்/பின்/டிக் என்ற முழுப் பாதையை 'இன்ஸ்டால்' என்பதற்குப் பின் கொடுத்தால், அந்தக் கோப்பைத் தரும் பேக்கேஜை டிஎன்எஃப் தானே கண்டுபிடித்து நிறுவும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது மிகவும் கைகொடுக்கும், ஏனென்றால் பேக்கேஜின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாதை அவ்வளவாக மாறாது.

அப்படி மாறியதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு செமேனேஜ். எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு இயங்கும் சர்வரில் ஒரு சேவையை வழக்கமில்லாத போர்ட்டில் ஓட்ட வேண்டுமென்றால் இந்தக் கட்டளை தேவை. சிறிய நிறுவலில் அது இருக்காது. ரெட் ஹேட் 7-இல் அது பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தானில் இருந்தது. 2019-இல் வந்த 8-இல் பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸுக்குப் போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்து நிறுவ முயன்றால் 'அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை' என்று வரும். இங்கே சிலர் எடுக்கும் முடிவு வருந்தத்தக்கது: செமேனேஜ் கிடைக்கவில்லை என்று எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு பேக்கேஜின் பெயர் தெரியாததால் சர்வரின் பாதுகாப்பைக் கழற்றிப் போடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. புரொவைட்ஸ் தேடல் ஒரு நிமிடத்தில் விடை சொல்லும்.

புரொவைட்ஸுக்கும் எட்டாதவை உண்டு. இயக்கிவைத்த களஞ்சியங்களை மட்டுமே அது பார்க்கும். ஹெச்டாப் ரெட் ஹேட்டின் சொந்தக் களஞ்சியத்தில் இல்லாமல் ஈபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தில் இருக்கிறது. ஈபெல் இயங்காத கணினியில் தேடினால் விடை வராது. உபுண்டுவில் யூனிவர்ஸ் பகுதி அணைந்திருந்தாலும் இதே கதைதான். 'எந்தப் பேக்கேஜும் தரவில்லை' என்ற விடையைப் படிக்கும்போது 'இப்போது இயங்கும் களஞ்சியங்களில்' என்ற சொற்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மற்ற வழங்கல்களில் வேலை எளிது. ஆர்ச்சில் பேக்மேனின் பெரிய எஃப் விருப்பம். முதல்முறை அதனோடு சிறிய ஒய் சேர்த்து அட்டவணையை இறக்க வேண்டும். ஓப்பன்சூசேயில் சிஎன்எஃப் என்று தட்டி அதன்பின் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆல்பைனில் ஒவ்வொரு பேக்கேஜும் தான் தரும் கட்டளைகளை 'சிஎம்டி' என்ற முன்னொட்டோடு அறிவிக்கிறது. ஏபிகே ஆட் என்பதற்குப் பின் 'சிஎம்டி:டிக்' என்று கொடுத்தால் நேராக நிறுவியும் விடும். கட்டளையைத் தேடும் வழியை இத்தனை எளிமையாக அமைத்த வழங்கல்கள் குறைவு. நிக்ஸில் நிக்ஸ்-லொக்கேட் இருக்கிறது.

கேட்காமலே விடை சொல்லும் ஏற்பாடும் உண்டு. 2009-இல் வந்த பாஷ் 4.0 முதல், கட்டளை கிடைக்காதபோது ஓடுவதற்கென்றே ஒரு ஃபங்ஷனை எழுதிவைக்க இடம் இருக்கிறது. உபுண்டுவில் இன்ன பேக்கேஜை நிறுவுங்கள் என்று உடனே வரும் பரிந்துரை இவ்வழியில் வருவதே. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் வந்த வரியை அப்படியே நகலெடுத்து ஓட்டுவது நல்ல பழக்கம் அன்று. அந்தப் பரிந்துரையில் ஸ்னாப் கடையின் பேக்கேஜ்களும் கலந்து வரும்; அங்கே யாரும் பெயர் பதிந்து வெளியிடலாம். அறிமுகமான கட்டளையின் பெயரில் தீங்கான ஸ்னாப் ஒன்றைப் பதிந்து, பரிந்துரை வழியாகவே பயனரை ஏமாற்ற முடியும் என்று 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பிப், என்பிஎம் களஞ்சியங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு கட்டளை இல்லையென்றால், அதே பெயரை பிப்பில் கொடுத்துப் பார்ப்போம் என்று முயல்வது, கதவைத் தட்டியவர் யாரென்று கேட்காமல் திறப்பதைப் போன்றது.

ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் மோதிக்கொண்ட வரலாறும் இதில் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியான நோட் டெபியனுக்கு வந்தபோது, அமெச்சூர் வானொலிக்காரர்களின் பாக்கெட் ரேடியோ நிரல் ஒன்று ஏற்கெனவே நோட் என்ற பெயரில் இருந்தது. டெபியனின் தொழில்நுட்பக் குழு 2012 ஜூலையில் இதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் சில ஆண்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் ஜாவாஸ்கிரிப்ட் நோட்டின் கட்டளைக்குப் பெயர் நோட்ஜேஎஸ். ஃபைண்டுக்கு மாற்றாக வந்த எஃப்டி இன்றும் டெபியனில் எஃப்டி-ஃபைண்டு பேக்கேஜில், எஃப்டிஃபைண்டு என்ற கட்டளையாகவே இருக்கிறது; பேட் என்பது பேட்கேட் ஆகிவிட்டது. பேக்கேஜை நிறுவிய பிறகும் கட்டளை கிடைக்கவில்லை என்றால், டிபிகேஜியின் பெரிய எல் விருப்பத்தைக் கொண்டு அந்தப் பேக்கேஜ் வைத்த கோப்புகளைப் பட்டியலிட்டு, பின் டைரக்டரிக்குள் என்ன பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்பிஎம்மில் அதற்குச் சிறிய க்யூ, எல் விருப்பங்கள்.

கன்டெய்னர்கள் வந்தபின் இந்தத் தேடல் அன்றாட வேலையாகிவிட்டது. டெபியன் படிமத்தில் எழுந்த கன்டெய்னருக்குள் நுழைந்து பிஎஸ் தட்டினால் இல்லை, பிங் இல்லை, எடிட்டர் இல்லை. படிமத்தின் அளவைக் குறைக்க ஆப்ட் பட்டியல்களையும் நீக்கியிருப்பார்கள். எனவே பேக்கேஜின் பெயர் சரியாகத் தெரிந்தும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்றே வரும். முதலில் ஆப்ட் அப்டேட் ஓட்ட வேண்டும். அதற்கும் முன்பு, நிறுவத்தான் வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. முதல் புராசஸ் என்ன என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் /புரொக்/1/சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால் போதும். கன்டெய்னரின் புராசஸ்களை வெளியே ஹோஸ்ட்டின் பிஎஸ்ஸிலேயே பார்க்கலாம். பிணையப் பிரச்சினை என்றால் ஹோஸ்ட்டில் இருக்கும் கருவியை என்எஸ்என்டர் வழியாகக் கன்டெய்னரின் பிணையத்துக்குள் ஓட்டலாம். ஓடும் கன்டெய்னருக்குள் நிறுவியது அந்தக் கன்டெய்னரை நீக்கியதும் போய்விடும். எப்போதும் வேண்டிய கருவி என்றால் அது படிமத்தைக் கட்டும் கோப்பிலேயே இருக்க வேண்டும்.

அதே கன்டெய்னர்கள் தேடலுக்கு உதவவும் செய்கின்றன. இணையத் தொடர்பே இல்லாத சர்வரில் ஒரு கருவி தேவைப்பட்டால், இணையமுள்ள வேறு கணினியில் அதே வழங்கலின் அதே பதிப்புப் படிமத்தை எழுப்பி, அதற்குள் ஆப்ட்-ஃபைலையோ புரொவைட்ஸையோ ஓட்டி விடையை எடுத்துக்கொள்ளலாம். பதிப்பு மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதால், 'அதே பதிப்பு' என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டெபியனுக்கு இந்த வசதி அதன் பேக்கேஜ் இணையதளத்திலேயே உண்டு. பதிப்பையும் பிராசசர் வகையையும் தேர்ந்தெடுத்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

நிறுவும் வழிமுறைகளை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'முதலில் டிக் ஓட்டிப் பாருங்கள்' என்று எழுதும் இடத்திலேயே, அது டெபியனில் எந்தப் பேக்கேஜ், ரெட் ஹேட்டில் எது, எந்தப் பதிப்பில் சரிபார்த்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஸ்கிரிப்ட் என்றால், தேவையான கட்டளைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று தொடக்கத்திலேயே 'கமாண்ட் -வி' கொண்டு சோதித்து, இல்லாததன் பேக்கேஜ் பெயரைச் சொல்லி நிற்கும்படி எழுதுங்கள்.